யார் வீட்டுப் பெரியவர்?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைச் சுற்றி வருகிற ஜனக்கூட்டத்தில் தொலைந்து போகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று குழந்தைகள், மற்றொன்று கிழவர் கிழவிகள். குழந்தை தொலைந்தால் சிக்கல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அது அழுகிறது. அழுகிற குழந்தையைச் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். "உங்க அப்பா பேரு என்னடா கண்ணு?" என்று ஒருவர் கேட்க, அது சொல்ல, ஒலிபெருக்கி மூன்று தரம் கூவ, தகப்பனார் மூச்சிரைக்க ஓடி வருகிறார். கிழவர் அழுவதில்லை. தாம் தொலைந்து போனதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறார். மலையைச் சுற்றும் பாதை 14 கிலோமீட்டர். வட்டமான பாதைக்கு முடிவு ஏது? அதில் நடக்கிறவரைப் பார்த்து, "எங்கே போகிறீர்கள்?" என்று எவரும் கேட்பதில்லை.

பொழுது விடிந்த பிறகு, வழியிலுள்ள எட்டு லிங்கங்களில் ஏதாவது ஒன்றின் மண்டபத்தில் அவர் உட்கார்ந்திருந்தால், யாராவது ஒரு புண்ணியவான் இலையில் சாதம் வைத்துவிட்டுப் போகிறார். நான்கு நாளில் தாடி அடர்கிறது. பத்து நாளில் வெள்ளை வேஷ்டி செம்மண் ஏறிக் காவியைப் போல் ஆகிவிடுகிறது. ஒரு மாதம் சென்றால் அவர் 'சாமி'. பேசாமல் இருந்தால் மௌன சாமி.

இதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. வந்தவருக்கெல்லாம் சோறு போடுகிற ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. ஆனால் சோறு போடுகிற கை ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: "பெரியவரே, நீங்கள் யார் வீடு?" நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கலாகாது என்பது நமது மரியாதை. அந்த மரியாதை எப்போது கருணையாகிறது, எப்போது பராமுகமாகிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் யோசிக்க விரும்புகிறேன்.

இந்த மரியாதைக்கு அண்ணாமலையில் நல்ல சரித்திரம் உண்டு. 1889-ல் காஞ்சீபுரத்திலிருந்து பத்தொன்பது பிராயத்து இளைஞர் ஒருவர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். தாயார் காலமான பிறகு அவருடைய நடவடிக்கைகள் மாறிவிட்டன என்றும், சுடுகாட்டில் போய் உட்கார்ந்து ஜபம் செய்தார் என்றும், உறவினர்கள் பயந்து அவரை ஓர் அறையில் பூட்டி வைத்தார்கள் என்றும் அவர் சரிதத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அவர்தான் சேஷாத்ரி சுவாமிகள். 1929-ஆம் வருஷம் ஜனவரியில் மறையும் வரை நாற்பது வருஷம் இந்த ஊர்த் தெருக்களிலேயே திரிந்தார். அழுக்கு உடையைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. திடீரென்று ஒரு கடைக்குள் நுழைவார். கைக்கு அகப்பட்டதை வாரித் தெருவில் எறிவார். வேறு எந்த ஊர்க் கடைக்காரராக இருந்தாலும் போலீஸைக் கூப்பிட்டிருப்பார். இந்த ஊர்க் கடைக்காரர் கைகூப்பி நின்றார்; சுவாமி கை பட்டால் வியாபாரம் பெருகும் என்று நம்பினார். பிறந்த ஊரில் பூட்டிய அறை, வந்த ஊரில் திறந்த கடை.

அதே தெருவுக்கு 1896 செப்டம்பர் முதல் தேதியன்று மற்றொரு பையன் வந்து சேர்ந்தான். வயது பதினாறு. மதுரையிலே பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு, அண்ணனுடைய காலேஜ் சம்பளத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தவன். கோயிலுக்குள் பாதாள லிங்கக் குகையில் அவன் உட்கார்ந்திருந்தான். தொடையைப் பூச்சிகள் கடித்துப் புண்ணாக்கியது அவனுக்குத் தெரியவில்லை. தெருப் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். அவர்களை விரட்டி அவனைக் காக்க முயன்றவர் அந்தச் சேஷாத்ரி சுவாமிகளே. ஊரார் அந்தப் பையனைச் 'சின்னச் சேஷாத்ரி' என்று அழைத்தார்கள். பின்னால் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

அந்தக் கதையை நாம் எப்போதும் பையனின் பக்கத்திலிருந்தே படிக்கிறோம். தாயாரின் பக்கத்திலிருந்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். அழகம்மாள் விதவை, கணவர் சுந்தரம் ஐயர் 1892-லேயே போய்விட்டார். காணாமற் போன பிள்ளையைக் கொழுந்தன்மார் தேடினார்கள். திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு நாடகக் கோஷ்டியில் இருக்கிறான் என்று யாரோ சொன்னதை நம்பி அங்கேயும் போனார்கள். தகவல் கிடைக்க ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆயின. அதுவும் மதுரையில் ஒரு மடத்தில் ஒரு தம்பிரான் பேசிக்கொண்டிருந்ததை ஓர் இளைஞன் தற்செயலாகக் கேட்டதால் வந்த தகவல். சிற்றப்பா நெல்லையப்பையர் மானாமதுரையில் வக்கீல். அவர் 1898-ல் இங்கே ஓடி வந்தபோது பையன் ஒரு மாந்தோப்பில் இருந்தான். நகம் வளர்ந்து, தலை சடை பிடித்து, உடம்பெல்லாம் அழுக்கு. அவர் கேட்டது பெரிய விஷயமே இல்லை. அவனுடைய தவத்தைக் கலைக்க மாட்டோம், மௌனத்தையும் கலைக்க மாட்டோம். மானாமதுரைக்கு அருகில் எங்கேயாவது இருக்கட்டும், வேளா வேளைக்குப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நடக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் அழகம்மாளே மூத்த பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தாள். பவழக்குன்றில் அழுக்கினூடே மகனை அடையாளம் கண்டாள். பலகாரம் செய்து கொண்டு வந்து வைத்து, நாள் கணக்கில் அழுதாள். அதுவும் பலிக்கவில்லை. வெறுங்கையோடு ரயிலேறினாள்.

ஞானியின் சரிதத்தில் இது ஒரு சின்ன அத்தியாயம். ஒரு குடும்பத்தின் சரிதத்தில் இதைவிடப் பெரிய அத்தியாயம் இல்லை. நெல்லையப்பையர் கேட்டாரே, 'எங்கள் அருகில் இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று, அந்தக் குரலை நான் இப்போதெல்லாம் வேறு இடங்களில் கேட்கிறேன்: பஸ் ஸ்டாண்டில் புகைப்படத்தைக் காட்டி விசாரிக்கிற மகனிடத்தில், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மருமகளிடத்தில்.

ரமணருக்கோ சேஷாத்ரி சுவாமிகளுக்கோ மறதி நோய் இருந்தது என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னை மறந்தவர்கள் என்று நாம் இரண்டு கூட்டத்தாரைச் சொல்கிறோம். ஒரு கூட்டத்தார் தாமே விரும்பி மறந்தவர்கள். மற்றவர்களிடமிருந்து அது களவு போகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும்: அதே அழுக்கு, அதே மௌனம், அதே வெறித்த பார்வை. திருவண்ணாமலையின் தொல்லையே இதுதான். முதல் கூட்டத்தாருக்காக ஏற்பட்ட மரியாதை இரண்டாவது கூட்டத்தாரை மறைத்துவிடுகிறது.

களவு போகிற விஷயத்துக்கு வைத்திய சாஸ்திரம் பெயர் வைத்தது ஏறத்தாழ அதே காலத்தில்தான். 1901 நவம்பரில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருத்தியை அவள் கணவர் கொண்டுவந்து சேர்த்தார். கணவர் ரயில்வே குமாஸ்தா. நல்ல குடித்தனக்காரியாக இருந்தவள் திடீரென்று அவர் மேல் சந்தேகப்பட்டாள், சமையலில் தடுமாறினாள், சாமான்களை ஒளித்து வைத்துவிட்டு எங்கே என்று தெரியாமல் தவித்தாள். ஆகஸ்டே டீட்டர் என்பது பெயர். கணவர் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டால் தன் பெயரையே சொன்னாள். அந்த டாக்டர் அலாய்ஸ் ஆல்ஸ்ஹைமர். 1906 ஏப்ரலில் அவள் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, அதே வருஷம் நவம்பர் 3-ஆம் தேதி டூபிங்கன் நகரில் வைத்தியர்கள் சபையில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். கேட்டவர்களில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். 1910-ல் கிரேப்பலின் என்ற பேராசிரியர் தம்முடைய பாடப் புஸ்தகத்தில் அந்த நோய்க்கு ஆல்ஸ்ஹைமர் பெயரையே வைத்தார்.

பிரசங்கமும் புஸ்தகமும் இருக்கட்டும். எனக்கு நினைவில் நிற்கிறவர் அந்த ரயில்வே குமாஸ்தாதான். பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரியெல்லாம் தூங்காத மனைவி. அவர் வந்து கதவைத் தட்டியிராவிட்டால் வைத்திய சாஸ்திரத்துக்கு அந்த நோய் எப்போது தெரிந்திருக்குமோ!

நம்மவர்களுக்கு இது புது நோய் அல்ல. சொற்களைப் பார்த்தாலே தெரியும். 'நிதானம் தப்பிவிட்டது', 'புத்தி தடுமாறுகிறது' என்பது நம் பக்கம். யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். மலையாளத்தில் 'சின்னன்' என்று ஒரு வார்த்தை உண்டு. கிழவர் மறுபடியும் சின்னப் பிள்ளை ஆகிவிட்டார் என்று பொருள். எவ்வளவு பிரியமான வார்த்தைகள்! கவனித்தீர்களா, இவற்றில் ஒன்றிலும் 'நோய்' என்ற சொல் இல்லை. வயதுக்கு வருகிற சுபாவம், அவ்வளவுதான். நோய் இல்லாத இடத்தில் வைத்தியர் எதற்கு?

வைத்தியம் என்ற பெயரில் இருந்ததும் போகத் தக்க இடமாக இல்லை. சென்னையில் 1794-ல் வாலண்டைன் கானலி என்ற சர்ஜன் ஒரு மனநோய் விடுதி ஆரம்பித்தார். 1871-ல் சர்க்கார் ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லைத் தமிழர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். பெற்ற தாயை அங்கே கொண்டு விட்டேன் என்று சொல்ல எவனுக்கு நா எழும்? அந்த ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் 1961 முதல் 1978 வரை இருந்தவர் டாக்டர் சாரதா மேனன்; இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர். சுவருக்கு வெளியேதான் வேலை மிகுதி என்று அனுபவத்தில் கண்டுதானோ என்னவோ, ஓய்வு பெற்றபின் 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ப்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அது பிற்காலத்தில் முதியவர்களின் மறதி நோயிலும் கவனம் செலுத்தியது.

நமக்குப் பக்கத்தில், வேலூரில், வேறு ஒரு காரியம் நடந்தது. இதை நம் ஜில்லாக்காரர்களே மறந்துவிட்டார்கள். 1957-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மையம் ஒன்றைத் திறந்தது. டாக்டர் பிளாரன்ஸ் நிகோல்ஸ் என்ற அம்மையார் அதன் மூல புருஷர் (பெண்பாலுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை). அங்கே ஏற்பாடு என்னவென்றால், நோயாளியோடு வீட்டு மனிதர் ஒருவரும் வந்து தங்க வேண்டும். சமைக்கலாம், சாப்பிடலாம், பக்கத்திலேயே படுக்கலாம். அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் ஆஸ்பத்திரி வெளியில் ராணுவக் கூடாரங்களை அடித்து நோயாளிகளின் சுற்றத்தாரைத் தங்க வைத்திருந்தார். மேல்நாடுகளில் பெரும்பாலும் உறவினர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு நோயாளியை மட்டும் உள்ளே கொண்டு போன காலம் அது. இங்கே உறவினரும் உள்ளே வந்தார். மனைவியோ தாயோ பக்கத்தில் இருந்து கவனித்து, வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டு போனார்கள். நர்ஸுகள் போதாமை ஒரு காரணம் என்றாலும், வறுமையிலிருந்து பிறந்த நல்ல யோசனைகளில் இது ஒன்று.

அதே வேலூரில் அரை நூற்றாண்டுக்குப் பிறகு நடந்த ஓர் ஆராய்ச்சிதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. 1998-ல் கொச்சியில் பல தேசத்து வைத்தியர்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். குழுவின் பெயர் '10/66'. உலகத்து மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சியோ நூற்றில் 10 பங்குகூட இல்லை. அதனால் அந்தப் பெயர். இந்தக் குழு கியூபா, சீனா முதலான பல தேசங்களில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய்ச் சோதித்தது. இந்தியாவில் இரண்டு இடம்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்ச் சுற்றுப்புறம். முடிவு 2008-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளிவந்தது.

அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் கைப்புஸ்தகம் சொல்கிற இலக்கணப்படி பார்த்தால், வேலூர்க் கிராமங்களில் மறதி நோய் ஆயிரத்துக்கு 3 பேருக்குத்தான். கியூபாவில் அதே இலக்கணப்படி ஆயிரத்துக்கு 63. நம் கிராமத்துக் காற்றுக்கும் கேழ்வரகுக் களிக்கும் இவ்வளவு மகிமையா என்று நாம் மார்தட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் தாங்களே வகுத்த வேறோர் அளவுகோலையும் வைத்துப் பார்த்தார்கள். அதன்படி எந்தத் தேசத்தில் எந்த ஊரிலும் நூற்றுக்கு 5-க்குக் குறையவில்லை, வேலூரிலும்தான். நோயாளிகள் இருந்தார்கள், ஒரு தராசு அவர்களைக் காணவில்லை, மற்றொன்று கண்டது.

காணாமல் போனதற்குக் காரணம் என்ன? அமெரிக்க இலக்கணப்படி, ஞாபகம் குறைந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாடக் காரியங்கள் கெட்டிருக்க வேண்டும். கெட்டிருக்கின்றனவா என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். நம் வீட்டார் சொல்லவில்லை. பின்தங்கிய பகுதிகளில் குடும்பத்தார் இந்தத் தளர்ச்சியைக் கவனிப்பதும் வெளியே சொல்வதும் குறைவாக இருக்கலாம் என்று அந்த வைத்தியர்கள் அபிப்பிராயப்பட்டார்கள்.

இதைப் படித்தபோது போளூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு ஞாபகத்துக்கு வந்தது. அங்கே எண்பது தாண்டிய ஒரு பாட்டி. காலையில் மருமகள் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவாள்; புடைவை கட்டிவிடுவாள்; தலை வாரிவிடுவாள்; தட்டில் சோற்றைப் பிசைந்து கையில் கொடுப்பாள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம், "எப்படா வந்தே? அம்மா சௌக்கியமா?" என்று விசாரிப்பாள். அம்மா செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும். "பாட்டிக்கு எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்டதற்கு அந்த மருமகள் சொன்னாள்: "அவங்களுக்கு என்னாங்க குறை? நல்லாத்தான் இருக்காங்க. வயசாயிடுச்சில்ல, கொஞ்சம் தடுமாத்தம்."

அவள் பொய் சொல்லவில்லை. பாட்டி எந்தக் காரியமும் செய்ய வேண்டியதில்லை. ஆகையால் எந்தக் காரியமும் கெடவில்லை. தனியாக வசிக்கிற வெள்ளைக்காரக் கிழவி கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணத் தெரியாமல் நின்றால் அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும். நம் பாட்டியின் சில்லறையை எண்ணுவதற்குப் பேரன் இருக்கிறான். இவ்வளவு நேர்த்தியாகப் பார்த்துக்கொள்வதால் நோய் கண்ணுக்குத் தெரியவில்லை. நோய் தெரியாததால், பார்த்துக்கொள்கிறவளின் உழைப்பும் தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டி எழுந்து கதவைத் திறந்துகொண்டு, "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று புறப்படுகிறாள் என்ற விஷயம் மருமகளின் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்துக்கு மட்டும் தெரியும். சர்க்கார் கணக்கில் அந்த வீட்டில் நோயாளியும் இல்லை, தாதியும் இல்லை.

இந்தக் காரியத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனினும் அதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். திருச்சூரில் டாக்டர் ஷாஜியும் அவரைச் சேர்ந்தவர்களும் இத்தகைய வீடுகளில் உட்கார்ந்து பேசி 2003-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. கிழவர் செய்கிற கோணல்களை வீட்டார் வேண்டுமென்றே செய்கிற விஷமம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சாப்பிட்ட கையோடு, "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்று கிழவர் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னால், மருமகளுக்கு எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டாரோ அதை அப்படியே நம்புகிறார்கள். நோய் என்று ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் பாதிக் கசப்பு அங்கேயே தீர்ந்திருக்கும். கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு பரீட்சை செய்தார்கள். டாக்டரல்லாத சாதாரண மனிதர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, ஆறு மாத காலம் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வைத்தார்கள். நோயை விளக்குவது, குளிக்க மறுத்தால் என்ன செய்வது, இரவில் அலைந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பது, சும்மா உட்கார்ந்து கேட்பது: இவ்வளவுதான் வேலை. 2008-ல் பிரசுரமான முடிவின்படி, பார்த்துக்கொள்கிறவர்களின் மன நிலையில் நல்ல மாறுதல் தெரிந்தது. நோய் நோயாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக மனமில்லாதவர்கள் நம் நாட்டில் கோயிலுக்குப் போவார்கள். அதை நான் பரிகசிக்க மாட்டேன். குணசீலத்தில் பெருமாள் சந்நிதியில் ஒரு மண்டலம் தங்கித் தெளிந்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராம் முதலியோர் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைக் கவனித்து, அவர்களுடைய மனநோய் அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று 2002-ல் ஓர் ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். அங்கே அடியும் இல்லை, விலங்கும் இல்லை. வேலை உண்டு, ஆறுதல் உண்டு, கூட ஒரு சொந்தக்காரரும் உண்டு. ஆனால் அதற்கு முந்தின வருஷம், 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களையும் வீட்டார்தான் கொண்டு வந்து விட்டிருந்தார்கள். எல்லாரும் கல் நெஞ்சக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. வேறு இடம் தெரியாதவர்கள்.

புண்ணிய ஸ்தலத்தில் கொண்டு விடுவதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. கூடவே இருந்து பார்த்துக்கொள்வது ஒன்று. விட்டுவிட்டுப் போய்விடுவது மற்றொன்று. இரண்டாவதற்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பார்த்துக்கொள்ள வேண்டியவரை எங்கேயாவது கைவிட்டுப் போகிறவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் மனுக் கொடுப்பதற்குத் தன் பெயரும் மகன் பெயரும் ஞாபகம் இருக்க வேண்டுமே! அதுவும் தவிர, கைவிடாமல் வைத்திருக்கிற மருமகளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் என்றும், மொத்தம் 88 லட்சம் பேர் என்றும் 2023-ல் வெளிவந்த ஒரு கணக்குச் சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், பட்டணத்தைவிடக் கிராமத்திலும் அதிகமாம். வேலூர்க் கிராமத்தில் ஆயிரத்துக்கு 3 என்று எழுதிய தராசை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 88 லட்சம் பேர் என்றால் அத்தனை வீடுகளிலும் ராத்திரி ஒருவர் விழித்திருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கே போவது என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். முதலில் நோய்தானா என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும், பி-12 என்ற சத்துக் குறைந்தாலும், மனச் சோர்வு முற்றினாலும், விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டினாலும் இதே போன்ற தடுமாற்றம் வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. இவற்றை விசாரிக்காமல் 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுவது எவ்வளவு அநியாயம்! திருவண்ணாமலையில் 2013 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது; வட ஆர்க்காட்டின் ஒரு மூலையாக இருந்து 1989-ல் தனி ஜில்லாவான இந்தப் பகுதிக்கு அது சிறிய விஷயமல்ல. மனநல மருத்துவரைப் பார்ப்பது என்றால் 'கீழ்ப்பாக்கம்' என்று இனியும் பயப்பட வேண்டியதில்லை. வேலூரும் எட்டாத தூரத்தில் இல்லை. 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கும், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கும் வீட்டிலிருந்தபடியே பேசலாம். நோயாளிக்காக மட்டுமல்ல, தூக்கம் கெட்ட மருமகளும் தனக்காகவே பேசலாம். 1992-ல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் முதலியோர் தொடங்கிய ஆல்ஸ்ஹைமர் சங்கம் நோயாளிகளின் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் வழக்கத்தை இந்த நாட்டில் வளர்த்தது. அந்தப் பேச்சே பாதி மருந்து என்று கோவாக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். 2021 முதல் நம் ராஜ்யத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொண்டு வீட்டுக்கே ஆள் வருகிறார். அந்த அம்மாள் வரும்போது மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், "மாமியார் ராத்திரியில் எழுந்து நடக்கிறாங்கம்மா" என்று வாய் திறந்து சொல்லலாம். சொன்னால்தானே கணக்கில் ஏறும்?

அழகம்மாள் கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1914-ல் மகனைப் பார்க்க வந்த இடத்தில் அவளுக்குக் கடும் ஜுரம் கண்டு, வாரக் கணக்கில் படுத்துவிட்டாள். ஊரை விட்டு ஓடி வந்த பிள்ளை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். 1916-ல் அவள் மலை மேலேயே நிரந்தரமாக வந்து தங்கினாள். ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினாள். 1922 மே 19-ஆம் தேதி அவள் உயிர் பிரிகிற அன்று, காலையிலிருந்து இரவு எட்டு மணி வரைக்கும் மகன் ஒரு கையைத் தாயின் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்தர்கள் இதில் மோட்சத்தைப் பார்க்கிறார்கள். நான் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பார்க்கிறேன்.

கிரிவலத்துக்குப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டைப் பையில் சீட்டு வைத்தால் அவர்கள் எடுத்துப் போட்டுவிடுவார்கள். கழுத்தில் அட்டை மாட்டினால் கழற்றிவிடுவார்கள். பெயர், ஊர், தொலைபேசி எண் மூன்றையும் ஒரு வெள்ளைத் துணித் துண்டில் எழுதி, சட்டையின் உள்பக்கம் முதுகிலோ, ரவிக்கையின் உள்மடிப்பிலோ தைத்துவிடுங்கள். அழியாத மையாக இருக்கட்டும். தையற்காரருக்கு ஐந்து நிமிஷ வேலை.

மண்டபத்தில் இலை போடுகிற புண்ணியவான்களுக்கும் ஒரு விண்ணப்பம். புதிய முகமாகத் தெரிந்தால், சாதத்தை வைத்த பிறகு ஒரு நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். "ஐயா, நீங்க எந்த ஊரு? பிள்ளைங்க எத்தனை?" என்று கேளுங்கள். உண்மையான துறவியாக இருந்தால் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். அவருக்கு அதனால் ஒரு குறைவும் வந்துவிடாது.